கொட்டாவியோடு பாடிய அம்மா

மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கோயிலில், வெள்ளிக்கிழமை மாலைப் பஜனைக்கு நான் ஆர்மோனியம் வாசித்தேன். கொழுந்துக் கறை படிந்த விரல்களால் தாளம் போட்டபடி முதலடி எடுத்துக் கொடுக்கும் தோட்டத்து அம்மா ஒருவர், பாட்டுக்கு நடுவே ஓயாமல் கொட்டாவி விடுவார். எனக்கு எரிச்சல் தாங்காது.

ஒருநாள் சொல்லியே விட்டேன். "மூச்ச மேலோட்டமா வாங்குனா கொட்டாவி வரத்தான் செய்யும். அடிவயித்துல இருந்து இழுத்துப் பாடுங்களேன், கொறஞ்சிரும்."

"தெரியும் தம்பி. முன்ன அப்படித்தான் பாடுனேன். ஒப்பந்தத்துல மகள இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. கப்பலேற அவ ரயில்ல போனதுல இருந்து, ஆழமா மூச்சு இழுத்தா அழுக வந்துருது. சாமி முன்னுக்கு அதுக்குக் கொட்டாவியே தேவல."

அடுத்த வெள்ளியிலிருந்து ஒவ்வோர் அடிக்குப் பிறகும் ஆர்மோனியத்தை நீட்டி வாசித்தேன், அவர் கொட்டாவி விட்டு முடிக்கும் வரை.