வாயால் கேட்கும் கேள்வி

மின்விசிறிக் காற்றில் அளவுக் காகிதம் பறந்துவிடாமல் இருக்க ஓர் ஓரத்தில் இரும்புக் கத்தரிக்கோல், மறு ஓரத்தில் பைபிள். இரண்டையும் வைத்து முடித்த பிறகு விமலாராணி மேசை முழுக்க சாக்கட்டியைத் தேடுவார். அது அவருடைய இடது உள்ளங்கையிலேயே இருக்கும். வாடிக்கைக்காரர் யாராவது கையைக் காட்டினால், "இருக்கறது தெரியுதுங்க, தேடறது பழக்கமாயிப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கோடு போட ஆரம்பிப்பார்.

சூலூர் விமானப்படை முகாமின் வாசலுக்கு எதிர்வரிசையில், பொரிக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் அவருடைய தையல் கடை. வீரர்களின் சட்டைக் கையில் பதவிப் பட்டை வைத்துத் தைப்பதுதான் முக்கிய வேலை. பதவி உயர்வு வந்த ஆள் படியேறும்போதே, "உக்காருங்க, மொகத்துலயே தெரியுதுங்க, எத்தனை பட்டை?" என்பார். பழைய பட்டையை அவர் பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரியாது. பெருமைக்குச் சொல்வது இல்லை இது, முகாமில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறந்த வீட்டில் கடைக்குட்டி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஞாயிறு பள்ளியில் நோவாவின் பேழைக் கதையைக் கேட்டுவிட்டு, "உலகமே தண்ணில அழிஞ்சுதுன்னா மீனுக்கு என்னங்க தண்டனை?" என்று கேட்ட பிள்ளை. ஆசிரியர் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். மற்ற பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகும் இவர் மட்டும் பாயைவிட்டு எழவில்லை. கடைசியில் ஆசிரியர், "தெரியலம்மா" என்றார். "அதத்தான் மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்று எழுந்து வந்துவிட்டார்.

இன்றைக்கும் அப்படித்தான். சிவப்பும் நீலமுமாக இரண்டு முனை உள்ள பென்சில் ஒன்று பைபிளுக்குள்ளேயே இருக்கும். கடவுளின் வாக்குறுதி வரும் இடத்தில் சிவப்புக் கோடு, கட்டளை வரும் இடத்தில் நீலக் கோடு. புரியாத இடத்தில் ஓரமாக ஒரு கேள்விக்குறி, சபைப் போதகரான ஐயரைப் பார்க்கும்போது கேட்பதற்காக. அவருடைய பைபிளில் பென்சில் படாத பக்கம் குறைவு. நாக்கில் விரலைத் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார்.

இதையெல்லாம் பார்த்து முதன்முதலில் திடுக்கிட்டவர் பல்ஜிந்தர் கௌர். முகாமில் வேலை பார்க்கும் சீக்கிய சார்ஜண்ட் ஒருவரின் மனைவி. தொண்ணூற்று மூன்றாம் வருடம் சல்வார் தைக்கக் கொடுக்க வந்தார். காய்கறிக்காரர்களிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றவர் என்பதால் எல்லாவற்றுக்கும் 'ங்க' சேர்ப்பார். கடை வாசலில் படுத்திருந்த நாயைக்கூட, "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றுதான் சொன்னார். அக்காவுக்கு மட்டும் இந்தியிலேயே 'தீதி'. உள்ளே வந்தவர் கத்தரிக்கோலுக்குத் துணையாகக் கிடந்த புத்தகத்தில் சிலுவையைப் பார்த்ததும் துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு கையாலும் அதை எடுத்து, நெற்றியில் ஒற்றி, அலமாரியின் உச்சியில் கொண்டுபோய் வைத்தார். மேசையில் அளவுக் காகிதம் பறந்தது.

"தீதி, உங்க புனிதப் புஸ்தகம் இல்லீங்களா இது? கத்திரி பக்கத்துல வெக்கறீங்க?"

"அது எங்கூட்டு ஆளு மாதிரிங்க அம்மணி. அலமாரி மேல ஏத்தி உக்கார வெச்சுப்போட்டா நான் எப்படிங்க பேசறது?"

பல்ஜிந்தர் அலமாரி உச்சியைக் காட்டினார். "எங்க புஸ்தகம் குருங்க. குரு மேல, நாம கீழ. பேசோணும்னா நாமதான் குளிச்சுட்டுப் போகோணும்."

"தெனமும் குளிச்சுட்டுப் போறீங்களா?"

"தெனமுங்க."

"அப்ப நீங்களும் பேசறீங்கன்னு சொல்லுங்க" என்று விமலாராணி ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அதிலிருந்து புதன்கிழமை மத்தியானம் என்றால் இருவருக்கும் பேச்சு. ஒருவர் தம் வேதத்திலிருந்து ஒரு பகுதி சொல்வார், மற்றவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். 'எங்களதுல இதைவிட நல்லா இருக்குது' என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. இந்தச் சட்டம் விமலாராணி போட்டது. முதலில் மீறியவரும் அவரே. பட்டை தைக்க வரும் வடக்கத்தி வீரர்களிடம் கற்ற இந்தியும், பல்ஜிந்தரின் காய்கறித் தமிழும் போதாத இடத்தில் கையும் கண்ணும் பேசும். இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவிய இடத்தை விமலாராணி வாசித்தபோது, "குரு குனிஞ்சாருங்களா? சிஷ்யன் காலுக்கா?" என்று பல்ஜிந்தர் இரண்டு முறை கேட்டார். பிறகு, குருத்வாராவுக்கு வருகிறவர்களின் செருப்பைத் துடைத்து அடுக்குவது தங்களிடம் பெரிய சேவை என்றும், தம் மாமனார் ஒரு கர்னலுக்குப் பக்கத்தில் சமமாக உட்கார்ந்து அதைச் செய்வார் என்றும் சொன்னார். அந்த வாரம் முழுவதும் விமலாராணி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் பொரிக்கடை ராமாத்தாளுக்கு இது வேடிக்கை. "ஏனுங் விமலா, ரெண்டு சாமியையும் ஒரே மிசின்ல வெச்சுத் தெக்கறீங்களாட்ட?"

"தெக்கலீங்க ராமாத்தா. துணி ரெண்டும் தனித்தனிதான். பக்கத்துல வெச்சுப் பாத்தா நெறம் நல்லாத் தெரியுதுங்க."

சபையின் பெண்கள் சங்கத்தில் சிலருக்கு வேடிக்கையாக இல்லை. செயலாளர் அம்மா ஒரு நாள் நிறுத்திக் கேட்டார்: "நீ அவங்களுக்கு இயேசுவப் பத்திச் சாட்சி சொல்றயா, இல்ல அவங்க சொல்றதக் கேட்டுட்டு வர்றயா?"

"மொதல்ல காதக் குடுத்திருக்கறனுங்க. வாய் எங்க போயிரப்போகுது?"

ஒரு புதன்கிழமை பல்ஜிந்தர் தாம் தினமும் ஓதும் சிறு புத்தகத்தைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சீக்கியர்களின் பெரிய வேதத்திலிருந்து எடுத்த பிரார்த்தனைகள், ஒரு பக்கம் குருமுகி எழுத்திலும் மறுபக்கம் ஆங்கிலப் பொருளோடும். "ஒரு வாரம் வெச்சுப் படியுங்க தீதி" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். கடனாகக் கொடுக்கிற பொருள் இல்லை அது. நம்பித்தான் கொடுத்தார்.

விமலாராணி சொன்னபடி குளித்துவிட்டுத்தான் தொட்டார். எழுத்துக் கூட்டி, அகராதி பார்த்து, முதல் பக்கத்திலேயே நின்றுபோனார். கடவுளைப் பற்றிச் சொல்லும் வரிகள். அவருக்குப் பயமும் இல்லை, பகையும் இல்லை என்று வந்த இடத்தில் மனசு நிறைந்துவிட்டது. மனசு நிறைந்தால் விமலாராணியின் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு. அதே வரியில், கடவுள் பிறப்புக்குள் வராதவர் என்று இருந்தது. மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவரைக் கும்பிடுகிறவருக்கு அது இடித்தது. ஓரமாக நீலத்தில் ஒரு கேள்விக்குறி, அடுத்த புதன்கிழமை மறக்காமல் கேட்பதற்காக.

புதன்கிழமை பல்ஜிந்தர் வந்தார். தைத்து வைத்திருந்த சுடிதாரைப் பார்த்து மகிழ்ந்தார். தம் புத்தகத்தை வாங்கித் திறந்தார்.

"தீதி, இந்தக் கோடு?"

"ரொம்ப நல்லா இருந்ததுங்க அம்மணி. அதான்."

பல்ஜிந்தரின் விரல் நகர்ந்து நீலக் கேள்விக்குறியில் நின்றது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. புத்தகத்தை மூடினார், சுற்றினார், நெற்றியில் ஒற்றி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு படியிறங்கினார். சுடிதார் மேசையிலேயே கிடந்தது.

அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. சுடிதாரை வாங்கிப்போக சார்ஜண்ட் வந்தார். மரியாதையான மனிதர். மனைவிக்குத் தலைவலி என்று சொல்லும்போது கூரையைப் பார்த்தார்.

"ரப்பர் போட்டு அழிச்சுக் குடுத்துப்போடுங்க, முடிஞ்சுது" என்றார் ராமாத்தாள்.

"பென்சில் போயிருமுங்க. நான் போட்டது போயிருங்களா?"

"அப்பறம் என்ன, விடுங்க. வாடிக்கைதான, சண்டை சச்சரவு இல்லாம துணி வந்தாச் செரி."

"அதாங்க பயமா இருக்குது. இப்படியே உட்டா அவங்க எனக்கு வெறும் வாடிக்கையாப் போயிருவாங்க." விமலாராணி அன்று மிதித்த மிதியில் மிசினின் வார் அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராக முகாம் வாசலுக்குப் போய் நின்றார். உள்ளே சீக்கியக் குடும்பங்கள் கூடும் வழிபாட்டு அறைக்குப் போக வேண்டும் என்றார். காவலில் நின்றவர் கையில் இருந்த பட்டை இவர் தைத்தது. ஆனாலும் விதி விதிதான் என்று, சார்ஜண்ட் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப்போகும்வரை வெயிலில் நிறுத்திவைத்தார். "செரிங்க, நிக்கறேன்" என்று நின்றார். பல்ஜிந்தர் அனுப்பி சார்ஜண்ட் வந்தாரா, தாமாகவே வந்தாரா என்று விமலாராணி கேட்கவில்லை.

செருப்பைக் கழற்றி, கால் கழுவி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தார். பல்ஜிந்தர் முன்வரிசையில் இருந்தார், திரும்பவில்லை. மேடையில் பட்டு விதானத்தின் கீழே வேதம் திறந்திருந்தது. ஒருவர் நின்று, ராஜாவுக்கு வீசுவதுபோல அதற்குக் கவரி வீசிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நெற்றி தரையில் படக் கும்பிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு அதைத் துணிகளால் போர்த்தி, ஒரு பெரியவர் தம் தலைமேல் சுமந்து பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார். கூட்டம் எழுந்து நின்றது. வீட்டுக்கு மூத்தவரைக் கைத்தாங்கலாக ஓய்வெடுக்க அழைத்துப்போவதுபோல இருந்தது. காகிதத்தில் போட்டதாக நினைத்த கேள்விக்குறியை ஒருவருடைய முகத்தில் போட்டிருக்கிறோம் என்று விமலாராணிக்கு அப்போதுதான் உறைத்தது.

சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்தபோது இவர் சமையல் பக்கம் போனார். பல்ஜிந்தர் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டையை இழுத்துப்போட்டுக்கொண்டு இவரும் தேய்க்க ஆரம்பித்தார். வட்டம் வரவில்லை.

"தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க அம்மணி. எங்களுக்குப் புடிச்ச எடத்துல கோடு போடறது ஒரு மரியாதைங்க. உங்களுக்கு அது அப்படி இல்லைன்னு இன்னிக்குத்தான் பாத்தேன். மன்னிச்சுக்கங்க."

பல்ஜிந்தர் மாவை உருட்டினார்.

"ஆனா கேள்வி இன்னும் இருக்குதுங்க" என்றார் விமலாராணி. "அது இல்லைன்னு சொன்னாப் பொய்யாப் போயிரும்."

பல்ஜிந்தர் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார். "தீதி, மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, சண்டைக்கு வந்தீங்களா?"

"ரெண்டுக்குமேதானுங்க."

பின்னால் அடுப்பருகே யாரோ சிரித்தார்கள். பல்ஜிந்தர் சிரிக்கவில்லை. விமலாராணி தேய்த்த ரொட்டியை எடுத்துப் பார்த்தார். "இது இலங்கை மேப்புங்க" என்று சொல்லி அதை மறுபடி உருட்டி அவர் கையில் கொடுத்தார். "கேள்வி வாயில கேளுங்க. குருவோட வாக்கு மேல எழுத வேண்டாங்க."

அந்தப் புதன்கிழமை விமலாராணி மத்தியானத்துக்கு முன்பே மேசையை ஒழித்துத் துடைத்தார். யாரும் தொடாத வெள்ளைத் துணியில் இரண்டு கெஜம் வெட்டி விரித்தார். பல்ஜிந்தர் வந்து பட்டுத் துணியைப் பிரித்துப் புத்தகத்தை அதன்மேல் வைத்துத் திறந்தார். கோடும் கேள்விக்குறியும் அப்படியே இருந்தன.

"அழிக்கலீங்களா?"

"ரப்பர் தேச்சா எழுத்தும் தேயுங்க. கேளுங்க தீதி."

"பொறக்கவே இல்லாதவருக்கு நம்ம வலி எப்படிங்க தெரியும்? பொறந்து, பசிச்சு, அடிபட்டாத்தான தெரியும்?"

"நமக்கு உள்ளயே இருக்கறவருங்க அவரு. உள்ள இருக்கறவரு எதுக்குங்க தனியாப் பொறந்து வரோணும்?"

"எங்களுக்கு வந்தாருங்க."

"உங்களுக்கு வந்தாருங்க" என்று பல்ஜிந்தர் தலையசைத்தார். "இப்ப என் கேள்விங்க. சிலுவைல தொங்கறப்ப உங்க இயேசு, ஏன் என்னைக் கைவிட்டீங்கன்னு கேட்டாருன்னு அன்னிக்கு நீங்கதான் சொன்னீங்க. அவருக்குப் பதில் வந்துதுங்களா?"

ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பதில் ஒன்று விமலாராணியின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரியலீங்க அம்மணி. யோசிச்சுட்டு அடுத்த புதங்கிழமை சொல்றேன்."

"எனக்கும் உங்க கேள்விக்கு முழுசாத் தெரியலீங்க. நானும் யோசிக்கறேன்" என்ற பல்ஜிந்தர், புத்தகத்தை மெல்லத் திருப்பி விமலாராணிக்கு நேராக வைத்தார்.

விமலாராணி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று இறுகக் கோத்துக்கொண்டு, குனிந்து, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார். பக்கம் முடிந்ததும் தலையை மட்டும் அசைத்தார். பல்ஜிந்தர் புரட்டினார்.