மகனுக்கு மட்டும் ஒரு கட்டம்

அதிராம்பட்டினம் ஜெக்கரியா 1990-இல் தஞ்சாவூரில் குத்தகை நிலங்களைப் பதிகிற ஓர் அலுவலகத்துக்கு ஃபாக்ஸ்புரோ என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆட்சி நாலு தடவை மாறியது. வந்தவர்கள் எல்லாரும் பழையதை ஒழித்துப் புதுக் கணினித் திட்டம் கொண்டு வந்ததாக நாடா வெட்டினார்கள். திரையில் தலைவர் படத்தையும் மாற்றினார்கள். உள்ளே ஓடியதென்னவோ ஜெக்கரியாவின் புரோகிராம்தான். புது என்ஜினீயர்களுக்கு அந்த மொழி தெரியாது, தொடவும் பயம். அது மக்கர் பண்ணும்போதெல்லாம் இவர் தன் செல்போன் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுவார். சாகாத மொழிக்குத் தானே சொந்தக்காரன் என்று அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமையில் ஒரு நாள் மண் விழுந்தது. பிள்ளையில்லாத வீரையன் செத்துப்போக, அவன் உழுத ஆறு மா நிலத்தின் குத்தகையைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டு வந்தாள் அவன் மனைவி காத்தாயி. கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. வாரிசு என்ற இடத்தில் மகன் பெயருக்கு மட்டுமே கட்டம் இருந்தது. வெறுமனே விட்டால் சாகுபடி செய்ய ஆளில்லை என்று பதிவாகும்; நிலத்துக்காரர் தியாகராசன் அதற்குத்தான் டிராக்டரோடு காத்திருந்தார். ஜெக்கரியாவைக் கூப்பிட்டார்கள்.

கட்டத்தை அப்படிப் போட்டவரே அவர்தான். நடவு நடுகிற கை முழுக்கப் பெண்கள் கை என்று தெரிந்தும், குத்தகை கேட்டு எந்தப் பெண் வரப்போகிறாள் என்று அன்றைய சூப்பரிண்டெண்ட் சிரித்தபோது இவரும் கூடச் சிரித்தவர். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வரி சேர்த்தால் போதும், அரை மணி நேர வேலை என்றார். அதிகாரி வைத்தியலிங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பழையதைத் திருத்த அனுமதி கேட்டால், பழையது இன்னும் ஓடுகிறது என்றல்லவா ஆகிவிடும்.

"பழசுன்னு ஒண்ணு இங்க கிடையாதுங்க. இருக்கிற கட்டத்துலயே ஏத்துங்க."

ஏற்றினார். வீரையன் மகன் காத்தாயி.

தியாகராசன் விடவில்லை. வீரையனுக்கு மகனே கிடையாது என்று ஊரையே கூட்டிவந்து சாட்சி சொல்ல வைத்தார். ஊர் பொய் சொல்லும், கம்ப்யூட்டர் சொல்லாது என்று விசாரணையில் அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

நன்றி சொல்வாள் என்ற நினைப்பில் ஜெக்கரியா அவள் வயலுக்கே போனார். காத்தாயி நாற்றங்காலை விட்டு நிமிர்ந்தாள்.

"நெலம் தங்குச்சு, சந்தோசங்க பாய். நாப்பது வருசம் அவரோட குடும்பம் நடத்துனேன். பொண்டாட்டின்னு சொல்ல உங்க பொட்டியில எடமில்லாமப் போச்சே."