சைகால் அக்காவின் கோல்கீப்பர்

கிர்கிஸ்தானில் கோச்கோர் என்ற ஊரில் நிலக்கரி லாரிகளை எடை போடும் மேடையில் சைகால் அக்காவுக்கு வேலை. லாரி ஏறும், எண்ணைப் பார்ப்பாள், சீட்டைக் கிழித்து நீட்டுவாள். அடுத்த லாரி வருவதற்குள் கைப்பேசியில் ஒரு கால்பந்துக் கிளப்பை நடத்துவாள். அந்தக் கிளப் இணையத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஆட்டக்காரர்களை வாங்கலாம், பயிற்சி கொடுக்கலாம், சனிக்கிழமை யார் யார் இறங்குவது என்று எழுதி அனுப்பலாம். ஆட்டத்தைக் கணினியே ஆடிவிட்டு, நடந்ததை வரி வரியாகச் சொல்லும். படம்கூடக் கிடையாது. இதற்கா இந்தப் பாடு என்று கேட்பவர்களோடு நான் பேசுவதே இல்லை.

ஏனென்றால் அந்த விளையாட்டில் கிர்கிஸ்தான் தேசிய அணியின் பயிற்சியாளன் நான்தான். மற்ற நேரத்தில் பிஷ்கெக்குக்கும் நாரினுக்கும் வேன் ஓட்டுகிறேன். நாட்டில் இதை ஆடுகிற நூற்றுச் சொச்சம் பேர் ஓட்டுப் போட்டு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டே ஓட்டு வித்தியாசம்! பாதிப் பேரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் போன குளிரில் என் வேன் பனியில் சிக்கியபோது முதலில் கயிற்றோடு வந்து நின்றவன், விளையாட்டில் என் கிளப் ஐந்து கோல் போட்டு அழவைத்த ஒருவன். வழியெல்லாம் அந்த ஐந்து கோலுக்கும் என்னைத் திட்டிக்கொண்டே இழுத்துப் போனான்.

தேசிய அணிக்கென்று தனி ஆட்கள் கிடையாது. யாரோ ஒருவர் தம் கிளப்பில் வளர்த்த ஆளைத்தான் இறக்க வேண்டும். எங்களுக்கு உருப்படியான கோல்கீப்பர் இருந்ததே இல்லை. வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சிதான். அதைக் கோல்கீப்பருக்குக் கொடுத்தால் மற்ற பத்துப் பேரும் அப்படியே கிடப்பார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். அக்கா தெரிந்தேதான் செய்தாள். நான்கு வருடம் தோலோன் என்ற ஒருவனையே வளர்த்தாள். கிளப் இரண்டாம் பிரிவிலிருந்து நான்காம் பிரிவுக்கு இறங்கியது.

"அக்கா, கோல் போடறதுன்னா என்னன்னு உங்க பசங்களுக்கு ஞாபகமாவது இருக்கா?" என்று டோக்மோக்கில் டயர் கடை வைத்திருக்கும் ஷேர்மத் எங்கள் அரட்டைக் குழுவில் சீண்டுவான்.

"நீ முதல்ல பஞ்சர் ஒட்டக் கத்துக்கோடா" என்பாள் அக்கா.

இந்த வசந்தத்தில் வந்தது சோதனை. ஞாயிற்றுக்கிழமை கஜகஸ்தானை வென்றால் முதன்முறையாக எங்களுக்கு உலகக் கோப்பையில் இடம். அதற்கு முந்தின நாள் அக்காவின் கிளப்புக்கு ஷேர்மத்தோடு ஆட்டம். தோற்றால் கடைசிப் பிரிவு. சனிக்கிழமை ஆடியவனுக்கு மறுநாள் பாதித் தெம்புதான் இருக்கும். தயங்கித் தயங்கி போன் போட்டேன்.

"அக்கா, சனிக்கிழமை கொஞ்சம் சப்பையா ஒரு டீமை இறக்குடான்னு ஷேர்மத்கிட்ட சொல்லட்டுமா? யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே! நீ அப்படிப் பேசினதா காதுல விழுந்துச்சுன்னா, தோலோனை சனிக்கிழமையே இறக்கிடுவேன். உனக்குப் போய் ஓட்டுப் போட்டேன் பாரு!"

"இல்லன்னா?"

"இல்லன்னா ஞாயித்துக்கிழமை உனக்கு ஆடுவான். போனை வை."

சனிக்கிழமை தோலோன் இறங்கவில்லை, மூன்றுக்குப் பூஜ்யம். அக்கா கடைசிப் பிரிவுக்குப் போனாள். ஷேர்மத் கேலி எதுவும் எழுதவில்லை, "மன்னிச்சிடுங்க அக்கா" என்று மட்டும் போட்டான். "நல்லாத்தான் ஆடினே. மூணாவது கோல் ஆஃப்சைடு" என்று அக்கா பதில் போட்டாள்.

மறுநாள் எனக்கு விடுமுறை. நேரே கோச்கோருக்கு விட்டேன். எடை மேடைக் கூண்டுக்குள் இரண்டு பேரும் ஒரே கைப்பேசிமேல் குனிந்திருந்தோம். கஜகஸ்தான்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். "தோலோன் தடுத்தார்" என்ற வரி ஒன்பது முறை வந்தது. கோலே விழாமல் ஆட்டம் பெனால்டிக்குப் போனது. அவர்களுடைய கடைசி உதை வந்தபோது நாங்கள் ஒரு கோல் முன்னால். அதைத் தடுத்தால் முடிந்தது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துத் தீர்த்தது. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வரி வந்தது: இடது மூலை, தாழ்வான பந்து, தோலோன் தட்டிவிட்டார்.

நான் குதித்ததில் தலை தகரக் கூரையில் மோதியது. சத்தியமாக வலிக்கவில்லை. குழுவில் ஷேர்மத் "அக்கா அக்கா அக்கா" என்று நாற்பது தடவை எழுதியிருந்தான். அக்கா விசும்பி விசும்பி அழுதாள்.

லாரிக்காரர் இறங்கி வந்துவிட்டார். வயசானவர், முகமெல்லாம் கரி. "சீட்டு குடுப்பியா மாட்டியாம்மா? என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"நாம உலகக் கோப்பைக்குப் போறோம் அண்ணே!" என்றாள் அக்கா.

"ஃபுட்பால்லயா? நாமளா?"

"பெனால்டியில. கோல்கீப்பர் தடுத்துட்டான்."

"அடேயப்பா! யாரு வீட்டுப் புள்ள அவன்?"

இது கணினியில் ஆடுகிற ஆட்டம் என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"என் புள்ள."

அவர் தொப்பியைக் கழற்றினார். கரி படிந்த இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா வளத்திருக்கேம்மா."