ரமாபாயின் கல்

இரவு வியாபாரம் முடிந்து, மீன் வறுவல் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்புவதற்கு முன் ரமாபாய் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் கிடக்கும் கருங்கல்லைத் தூக்கி, வண்டி நின்ற இடத்தின் நடுவில் வைக்கிறார். கையில் மீன் மசாலா அப்படியே இருக்கும். வருடக்கணக்கில் அந்தக் கையால் தொட்டுத் தொட்டு, கல்லே சிவந்துபோயிருக்கிறது.

ராயபுரம் கல்மண்டபம் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய தள்ளுவண்டி வரிசையில் இதுதான் சட்டம். "கல்லு கீதுன்னா ஆளு கீது" என்பார் ரமாபாய். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் மூக்கு நேராக வந்து முட்டுகிற இடம் அவருடையது. இரண்டு கடை தள்ளிப் போனால் பாதி வியாபாரம் போச்சு. தண்ணீர் லாரி வரிசையில் குடத்துக்குப் பதில் கல் வைத்து இடம் பிடித்து வளர்ந்தவர், எங்கே போனாலும் கூட்டத்தைப் பார்த்ததும் கீழே கல் தேடுவார். ஆஸ்பத்திரி வரிசையில்கூட ஒருமுறை தேடியிருக்கிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழு அவரைச் செங்கல்பட்டுப் பக்கம் சுற்றுலா அழைத்துப் போனது. பொட்டல் காட்டில் பெரிய பெரிய கற்கள் வட்டமாகக் கிடந்தன. வழிகாட்ட வந்த சுஜா, நூறு தலைமுறைக்கு முந்தியவை என்றாள். "செத்தவங்களப் பொதச்ச எடம்னு சொல்றாங்க. ஆனா ஏன் வட்டமா வச்சாங்க, எதுக்கு இவ்ளோ பெரிய கல்லுன்னு யாருக்கும் சரியாத் தெரியல."

"இதுல இன்னாம்மா மர்மம்? எடம் போட்டுகீறாங்கோ. நடுவுல லாரி நின்னுருக்கும்."

பஸ்ஸில் வந்த கூட்டமே சிரித்தது. சுஜாவும் சிரித்துவிட்டு, "செத்தவங்களுக்கு எதுக்குக்கா எடம்?" என்றாள்.

"ஏன், அவுங்களுக்கு வோணாமா?" என்றார் ரமாபாய். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வண்டியோடு வந்தவர் திகைத்து நின்றார். அவருடைய கல்லுக்குச் சாமந்தி மாலை. அடியில் கற்பூரக் கரி, ஒரு எலுமிச்சம்பழம். போகிற வருகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

"நீ சாமியாயிட்டக்கா, ஒரு வரம் குடு" என்றான் பக்கத்துச் சுண்டல் வண்டி கிருஷ்ணப்பன்.

ரமாபாய் கல்லை நகர்த்தக் குனிந்தார். எதிரே ஞாயிற்றுக்கிழமைதான் மளிகைக் கடை திறந்திருந்த திருநெல்வேலிக்காரர் இசக்கிப்பாண்டி அலறிக்கொண்டு ஓடிவந்தார். "யக்கா, தொட்றாதீய! துடியான தெய்வம்! குங்குமம் காயவே இல்ல, பாருங்க."

"நைனா, இது என் வண்டி எடம்."

"சாமி இருக்க எடத்துலயா மீனு பொரிக்கப் போறீய?"

கூட்டம் சேர்ந்தது. பாதிப் பேர் சாமி பக்கம். அடுப்பு பற்றவைக்கிற நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ரமாபாய் கல்லைத் தூக்கிக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினார். "சாமிக்கு எவனாச்சும் இஞ்சி பூண்டு பூசுவானா? மோந்து பாரு."

இசக்கிப்பாண்டி பயபக்தியோடு முகர்ந்தார். மூன்று தும்மல் தும்மினார். கூட்டம் ஹோவென்று சிரித்தது. மனிதர் கூனிக் குறுகி, "மன்னிச்சிருங்க யக்கா" என்று கடைக்குத் திரும்பினார்.

"சொம்மா சொல்லக்கூடாதுக்கா" என்றான் கிருஷ்ணப்பன். "நேத்து ஒரு ஜூஸ் வண்டிக்காரன் புச்சா வந்தான். கல்ல ஓரமா தள்ளிட்டு உன் எடத்துல நிக்கப் பாத்தான். கடக்காரரு போட்ட மாலையப் பாத்தான், கும்புட்டான், போயிட்டான்."

ரமாபாய் எதிர்க்கடையைப் பார்த்தார். இசக்கிப்பாண்டி பருப்பு மூட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

வண்டியை நிறுத்தினார். மாலையைக் கழற்றி வண்டியின் முகப்பில் மாட்டினார். எண்ணெய் காய்ந்ததும் முதல் சங்கரா மீனைப் பொரித்து எடுத்து, இலையில் வைத்து, கல்லடியில் கிடந்த எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தாராளமாகப் பிழிந்தார். பிறகு இலையை ஏந்திக்கொண்டு, ஹாரன் அடித்து வந்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சாலையைக் கடந்து மளிகைக் கடைக்குப் போனார்.