பே-ன்னா வயிறு

“பே-ன்னா படகு இல்லடா மடையா, வயிறு! வயிறு!”

மல்சுன் இப்படிக் கத்துனது ஊர் மன்றத்து மூலையில இருக்கற பழைய கம்ப்யூட்டரைப் பாத்து. பக்கத்துல முள்ளங்கி நறுக்கிக்கிட்டு இருந்த பொம்பளைங்க கத்தியை நிறுத்திட்டாங்க.

“யாரைடி வையுற?”

“தேகு டவுன்ல மருந்துக்கடை வச்சிருக்கானே ஒருத்தன், அந்தச் சாம்பல் திமிங்கிலம். நான் எழுதுனதை மறுபடி அழிச்சிட்டான். மூணாவது தடவை.”

சாம்பல் திமிங்கிலம்னா அவன் கம்ப்யூட்டருக்குள்ள வச்சுக்கிட்ட பேரு. இன்டர்நெட்டுல ஒரு கலைக்களஞ்சியம் இருக்கு. யார் வேணா எழுதலாம், யார் வேணா திருத்தலாம், காலணா சம்பளம் கிடையாது. அதுல திமிங்கிலம், டால்பின் சம்பந்தப்பட்டதை மட்டும் பாத்துக்கறதுக்கு பதினோரு பேரு சேந்திருந்தாங்க. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தது கிடையாது. இஞ்சோன்ல பஸ் ஓட்டற ஒருத்தன் எந்தத் திமிங்கிலம் எத்தனை மீட்டருன்னு பட்டியல் போடுவான். பூசான்ல கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுத்துப்பிழை திருத்துவா. மருந்துக்கடைக்காரன் யார் எதை எழுதுனாலும் இது எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னு கேப்பான். பதினொண்ணாவது ஆளு நம்ம மல்சுன்.

மல்சுன்னா கடைசிப் பொண்ணுன்னு அர்த்தம். அவங்கப்பனுக்கு வரிசையா அஞ்சும் பொண்ணு. இதோட நிக்கட்டும்னு அஞ்சாவதுக்கு அந்தப் பேரை வச்சான். அதுக்கப்புறமும் ரெண்டு பொண்ணு பொறந்துச்சு. “என் பேரைச் சொன்னாலே எங்கப்பன் தோத்தது ஊருக்குத் தெரியும்”னு சொல்லிச் சிரிப்பா. கலைக்களஞ்சியத்துலயும் ‘கடைசிப்பொண்ணு’ன்னே பேரு குடுத்தா. மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது, பதினஞ்சு வயசுல கடல்ல எறங்கிட்டா. கட்டுனவன் குடிகாரன். அவன் செத்த அன்னிக்கு அவ அழல, அடுப்புல இருந்த கஞ்சியைக் குடிச்சிட்டுத்தான் எந்திரிச்சா. நாப்பத்தேழு வயசுல மன்றத்துல வந்து உக்காந்து எழுத்துக் கத்துக்கிட்டா.

போன குளிருக்கு காதுல சீழ் வந்துடுச்சு. மூணு மாசம் முங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. சும்மா இருக்க முடியாம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தவ, நம்ம ஜெஜு தீவு டால்பினைப் பத்தி எழுதியிருந்ததைப் படிச்சா. அங்கதான் அந்த வரி கண்ணுல பட்டுச்சு: ‘இப்பகுதியில் மூழ்கும் பெண்கள், டால்பின்களைப் படகுக்கு அடியில் வருமாறு அழைப்பது வழக்கம்.’

எங்க கடல்ல முங்கிச் சங்கும் பேய்க்கணவாயும் எடுக்கற பொம்பளைங்க, டால்பின் கூட்டம் கிட்ட வந்துட்டா “பே அல்லோ! பே அல்லோ!”ன்னு சத்தம் போடுவோம். அல்லோன்னா அடியில. என் வயித்துக்கு அடியில போயிடு, மேல வந்து மோதிடாதேன்னு கேட்டுக்கறது. வம்பு என்னன்னா, வயித்துக்கும் பேதான், படகுக்கும் பேதான், பேரிக்காய்க்கும் பேதான். தரையில இருக்கறவனுக்குக் கடல்னதும் படகு ஞாபகம் வந்துடுச்சு. நாங்க என்னிக்குடா படகுல போனோம்? கரையில இருந்து நீந்திப் போற கூட்டம்.

“நல்லவேளை, பேரிக்காய்க்கு அடியிலன்னு எழுதாம விட்டான்,”ன்னா முள்ளங்கி நறுக்குன ஒருத்தி. எல்லாரும் சிரிச்சாங்க. மல்சுன் மட்டும் சிரிக்கல.

ஏன்னா அந்த வரி கம்ப்யூட்டருக்குள்ளயே கிடந்துடல. யாங் தூசிக் அதைப் பெருசா பலகையில எழுதி படகுத்துறையில நிறுத்திட்டான். டூரிஸ்டுகளை ஏத்திக்கிட்டுப் போயி டால்பின் காட்டறவன் அவன். “பாத்தீங்களா, இங்க டால்பினுக்குப் படகுன்னா உயிரு, கலைக்களஞ்சியத்துலயே போட்டிருக்கு”ன்னு மைக்குல சொல்லுவான். கூட்டம் எங்க போனாலும் தொரத்திக்கிட்டே போவான். டால்பின் மேயற இடமும் நாங்க முங்கற இடமும் ஒண்ணுதான், அவனுக்கா தெரியாது? போன கோடையில மல்சுன் தலையைத் தூக்குறா, மிதவையை ரெண்டாக் கிழிச்சிட்டுப் போகுது அவன் படகோட விசிறி. ஒரு கை தள்ளியிருந்தா மிதவைக்குப் பதிலா மல்சுன். “நீங்க மிதவையில கொடியை இன்னும் ஒசரமாக் கட்டணும், சம்சுன்”னான். எங்க ஊர்ல ஆணோ பொண்ணோ, மூத்தவங்களைச் சம்சுன்னுதான் கூப்பிடறது. மரியாதையில மட்டும் கொறையே வைக்கமாட்டான்.

இப்ப ரெண்டாவது படகு விடறதுக்கு ஊர்த்துறையைக் கேட்டிருந்தான். பதினஞ்சாம் தேதி மீனவர் சங்கம் கூடி ஓட்டுப் போடணும். அவன் கையில இருந்த பெரிய சாட்சி அந்த ஒத்த வரி. அதை மாத்தணும்னுதான் மல்சுன் மல்லுக்கு நின்னா.

மருந்துக்கடைக்காரன் பதில் எழுதியிருந்தான்: ‘மதிப்பிற்குரிய பயனர் கடைசிப்பொண்ணு அவர்களே, நேரில் கேட்டதை ஆதாரமாக ஏற்க இயலாது. அச்சில் வந்த நூல் தேவை.’

மல்சுன் ஒத்த வெரல்ல தட்டித் தட்டி எழுதுனா: ‘நாப்பத்தாறு வருசமா கத்தறேன். என் வாய்தான் ஆதாரம். வந்து பாரு.’

‘வாய்க்குப் பக்க எண் இல்லை’ன்னு பதில் வந்துச்சு.

அவன் அழிச்ச எடத்துல எல்லாம் ‘ஆதாரம் தேவை’ன்னு சின்ன எழுத்துல நிக்கும். எங்க பொம்பளைங்க அதைப் புடிச்சுக்கிட்டாங்க. எவளாவது இன்னிக்குப் பன்னெண்டு கிலோ சங்கு எடுத்தேன்னு பீத்துனா, கரையில இருந்து நாலு பேரு “ஆதாரம் தேவை!”ன்னு கத்துவாங்க.

ஆனா அந்த மருந்துக்கடைக்காரன் கெட்டவன் இல்ல, பிடிவாதக்காரன். எங்கயாவது அச்சுல இருந்தாச் சொல்லுங்க, நானே என் கையால மாத்தறேன்னான். சொன்னதோட நிக்காம மத்தவங்களையும் எழுப்பி விட்டான். பஸ் ஓட்டறவன் லீவு அன்னிக்கு லைப்ரரி லைப்ரரியா ஏறி எறங்குனான். முன்னாடி எங்க பக்கத்துல வாத்தியாரா இருந்த ஒருத்தர், ஊர் ஊராப் போயி கடக்கரைப் பேச்சை எழுதி, எண்பத்தி மூணுல இருநூறு பிரதி போட்டிருக்காருன்னு அவன்தான் துப்பு கண்டுபிடிச்சான். எந்த லைப்ரரியிலயும் அது இல்ல. பூசான்காரி இடுப்புல குழந்தையோட பழைய புஸ்தகக் கடைக்கெல்லாம் போன் போட்டா. ஜெஜு டவுன்லயே ஒரு கடையில ஒண்ணு இருக்குன்னு பதிமூணாம் தேதி சேதி வந்துச்சு.

பதினாலாம் தேதி மல்சுன் பஸ்ஸைப் புடிச்சா. கடைக்காரன் கண்ணாடிக்காரன். இவ கையைப் பாத்துட்டு, “புரட்டறதுன்னா மெதுவாப் புரட்டுங்க, தாளு ஒடியும்”னான். “நான் கடல்ல முள்ளோட இருக்கறதையே ஒடியாம எடுக்கறவ, நீ ஒதுங்கு”ன்னா. எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டே படிச்சா. எழுபத்தி நாலாம் பக்கத்துல அவ வெரலு நின்னுடுச்சு. ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் கடையே அதிர்ற மாதிரி சிரிச்சா.

மறுநாள் சங்கம் கூடுச்சு. தூசிக் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்து, வந்தவங்களுக்கெல்லாம் பழச்சாறு குடுத்தான். “பெரியவங்க காலத்துல இருந்து டால்பினைப் படகுக்கு அடியில கூப்பிட்ட ஊரு இது. நான் புதுசா என்ன பண்றேன்?”ன்னான்.

மல்சுன் எந்திரிச்சா. “பெரியவங்க யாரு? பேரு சொல்லு.”

“அதெல்லாம் பேரா இருக்கும், சம்சுன்? எல்லாரும்தான்.”

“என்கிட்ட பேரு இருக்கு.” புஸ்தகத்தைத் திறந்தா. சத்தமா, ஒவ்வொரு எழுத்தா வாசிச்சா. “‘பே அல்லோ. வயித்துக்கு அடியில போ என்று டால்பினிடம் சொல்வது. படகு என்று நினைப்பவன் கடலில் கால் வைக்காதவன். படகுச் சத்தம் கேட்டால் டால்பின் கூட்டம் கலைந்து ஓடும், குட்டி தனியாகிவிடும். சொன்னவர்: காங் சோபுன், வயது ஐம்பத்திரண்டு.’”

சோபுன் சம்சுன் எங்க எல்லாருக்கும் தலைவியா இருந்தவ. மல்சுனுக்கு அந்தக் கத்தலைக் கத்துக்குடுத்ததே அவதான். செத்து ஒம்போது வருசம் ஆச்சு. தூசிக்கைப் பெத்தவ.

தூசிக் மூஞ்சி வேகவச்ச நண்டு மாதிரி ஆயிடுச்சு. “எங்கம்மா வாத்தியாருகிட்ட ஏதோ வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க…”

பின்வரிசையில இருந்து எவளோ ஒருத்தி ஆரம்பிச்சா. “ஆதாரம் தேவை!”

அவ்வளவுதான், பொம்பளைங்க எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க. “ஆதாரம் தேவை! ஆதாரம் தேவை!” தரையில கையைத் தட்டித் தட்டிக் கத்துனாங்க. சங்கத் தலைவரு மேசையில தட்டற சுத்தியலைத் தேடித் தேடி ஓய்ஞ்சு போனாரு. துறை குடுக்கக் கூடாதுன்னு முப்பத்தொண்ணு, குடுக்கலாம்னு ஒம்போது. தூசிக் அன்னிக்குச் சாயங்காலமே பலகையைக் கழட்டுனான். நாங்க யாரும் ஒத்தாசைக்குப் போகல.

மருந்துக்கடைக்காரன் சொன்ன சொல்லு மாறல. அவனே அந்த வரியை மாத்தி, எழுபத்தி நாலாம் பக்கம்னு போட்டான். ‘பயனர் கடைசிப்பொண்ணு அவர்களே, மன்னிக்கவும். தாங்கள் சொன்னது சரி’ன்னு கீழ எழுதியிருந்தான்.

மல்சுன் அதுக்கும் எறங்கி வரல. ‘சோபுன் சம்சுன் வாயால கேட்டதை நான் சொன்னப்ப செல்லல. அதே வாயால கேட்டதை ஒரு வாத்தியாரு எழுதுனதும் செல்லுது. இதுல எங்க தம்பி நியாயம்? உங்க சட்டத்தையும் ஒருநாள் திருத்தறேன். இரு’ன்னு எழுதிட்டு எந்திரிச்சா. பத்து பேரும் அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு பொம்மை போட்டிருந்தாங்க. மறு வாரமே காதுல பஞ்சை வச்சுக்கிட்டு, டாக்டரு பேச்சைக் கேக்காம கடல்ல எறங்கிட்டா.

புஸ்தகம் இப்ப மன்றத்துல அரிசி டப்பாவுக்குப் பக்கத்துல இருக்கு. நாலாயிரம் வோன் முள்ளங்கிக் கட்டுக்குக் கால் மணி நேரம் பேரம் பேசறவ, அதை எவ்வளவு குடுத்து வாங்குனான்னு எல்லாரும் நச்சரிச்சாங்க. அவ சொல்லல. பின்னட்டையில கடைக்காரன் பென்சில்ல எழுதியிருந்ததை நாங்களே பாத்துக்கிட்டோம்: எழுபத்தி அஞ்சாயிரம் வோன்.