வளைத்து ஒட்டிய விரல்

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தொலைபேசி அடித்தால் எங்கள் வீட்டில் வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். அது ரெஜினா அக்காதான், எனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இம்மாதத்து முதல் சனிக்கிழமையும் அடித்தது. கார்ச் சாவியைத் தேடிக்கொண்டே எடுத்தேன். அவருடைய கணவர் சேவியர் அண்ணையின் குரல்.

“வசந்தி, ரெஜினா போயிட்டா. விடிய எழுப்பினன், எழும்பேல்லை.”

“எங்கை போனவ?” என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. ஆனால் ஒரு கதிரையில் ஒழுங்காக உட்கார்ந்து நான் பார்த்திராத மனிசி அவர். போயிட்டா என்றதும் எங்கேயோ புறப்பட்டுவிட்டார் என்றுதான் என் புத்தி முதலில் எடுத்துக்கொண்டது.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நானும் எழும்பி எழும்பி நடக்கிறேன். தேநீர் ஊற்றினேன், குடிக்கவில்லை. காரணம் இருக்கிறது. அடக்கத்தன்று கோயிலில் பூசை முடிந்து பேசியவர்கள் அவரை ‘சாந்தமே உருவானவர்’ என்றார்கள். ‘பொறுமையின் சிகரம்’ என்றார்கள். ஒருவர் பெட்டிக்குள் கிடந்த வலது கையைக் காட்டி, “ஊசி பிடித்துப் பிடித்தே வளைந்துபோன விரல் அது” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். கோயிலுக்கு வந்திருந்த நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் வாங்குப் பலகையில் இருந்து நெளிந்துகொண்டிருந்தேன். அந்த விரலின் கதை எனக்குத் தெரியும். சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை, அந்த நேரத்தில்.

எண்பதுகளின் நடுவில், தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில்தான் அவரைச் சந்தித்தேன். நான் யாழ்ப்பாணம், அவர் மன்னார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நீராவியும் பிளீச்சும் கலந்த அந்த அறையில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிப்போம். மூட்டுவாதத்தால் அப்போதே அவருடைய விரல் மொளிகள் வீங்கிச் சிவந்திருந்தன. தேநீர் இடைவேளையில் நாங்கள் எல்லோரும் தொப்பென்று விழுந்து இருக்க, அவர் மட்டும் கோப்பையோடு அங்கும் இங்கும் நடப்பார்.

“இருங்கோவன் அக்கா, பாக்க எனக்குத் தலை சுத்துது.”

“கை சும்மா இருந்தா நோவை நினைக்கும், பிள்ளை. வேலை குடுத்தா மறந்துபோகும்.”

அடுத்த கோடையில் என் பழைய டட்சன் காரில் கென்ற் பக்கம் ஸ்ட்ரோபெரி பிடுங்கப் போனோம். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தோட்டக்காரர் துவக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். அவருடைய கோவாப் பாத்தியில், அதுதான் முட்டைக்கோசு, பாதி இலைகளை முயல் அரித்துவிட்டிருந்தது. அது காற்றில் சுடும் சின்னத் துவக்கு, எயார் ரைபிள். உளுந்தளவு ஈயக்குண்டு. இந்த நாட்டில் அதற்கு லைசென்சும் தேவையில்லை. ரெஜினா அக்கா என் முழங்கையை இடித்தார். “நான் ஒருக்காப் பாக்கட்டோ எண்டு கேள்.” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கேட்டேன். தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே வேலிக் கட்டையில் ஒரு வெற்றுத் தகரப்பேணியை வைத்தார்.

அக்காவின் தகப்பனார் மன்னாரில் வயலுக்கு வரும் பன்றியைச் சுட்டுக் கலைத்தவர் என்பதும், மகளும் அதைப் பழகியிருந்தாள் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். துவக்கைத் தோளில் வைத்ததும் அந்த மனிசி ஆடாமல் அசையாமல் நின்றதைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். அவ்வளவு காலத்தில் அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பேணி பறந்தது. தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “சனிக்கிழமைகளில் வரமுடியுமா?” என்று என்னிடம் கேட்டார். நாங்கள் அவருக்குக் கோவாக்காரர் என்று பெயர் வைத்தோம்.

சேவியர் அண்ணைக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கதவைப் பூட்டி, யன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். அவர்களுடைய அகதி விண்ணப்பத்துக்கு அப்போது பதில் வந்திருக்கவில்லை.

“விசா வாறதுக்கு முதல் துவக்கு வந்திட்டுது! விளங்குதோ உனக்கு? இவங்கள் என்ன நினைப்பாங்கள்? எங்கடை ஆக்கள்தான் என்ன நினைப்பினம்?”

“முயல் என்ன நினைக்கும் எண்டதையும் கேளுங்கோ” என்றார் அக்கா.

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. துவக்கு என்ற சொல் வீட்டிலும் வெளியிலும் எவர் வாயிலும் வரக்கூடாது. தொலைபேசியில் வரவே கூடாது. அன்று தொடக்கம் அது வீடு கூட்டும் தும்புத்தடி ஆயிற்று. “நாளைக்குத் தும்புத்தடி வேலை இருக்கு, வாறியோ?” என்பார் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் லூயிஷாம் வீட்டில் நீங்கள் எல்லோரும் விரல் சூப்பிச் சாப்பிட்டீர்களே, அந்த முயற்கறி, அது தோட்டக்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல. அக்கா சுட்டது. நான் காரோட்டினேன், அவ்வளவுதான். எனக்கு அந்த வேலையே பிடிக்காது. முயல் விழும்போது மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவருக்கு முயலைவிடப் பெரிய எதிரி அந்தத் துவக்குத்தான். ஒவ்வொரு வெடிக்கும் குழலை மடித்து இழுத்து உள்ளே இருக்கும் சுருள்வில்லை ஏற்றவேண்டும். நல்ல கைக்கே வலிக்கும். அவர் கைக்கு அது நரகம். நான் இழுத்துத் தருகிறேன் என்றால் முறைப்பார். பழைய நூல்சேலையைக் கிழித்துக் குழலில் ஒரு வளையம் கட்டினார், விரலைப் பாவிக்காமல் மணிக்கட்டைக் கொழுவி இழுக்க. சுடும்போது அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். சின்னக் குண்டை வீங்கிய விரலால் பொறுக்க ஏலாது. கோயில் மெழுகுதிரித் துண்டை உருக்கி ஈர்க்கு நுனியில் ஒட்டிவைத்தார். அந்த மெழுகில் குண்டை ஒற்றி எடுத்துக் குழலுக்குள் வைப்பார். குண்டை உதட்டில் கவ்விவைத்த ஒருநாள் நான் போட்ட சத்தத்தில் இருந்த முயலெல்லாம் ஓடிப்போயின. “ஈயத்தைத் தின்னாதேங்கோ!” என்று கத்தினேன். “தின்னேல்லை, கவ்வினனான்” என்றார்.

குளிர் தொடங்கியதும் ஒத்தடம் வந்தது. விடியக் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவருவார். போகும் வழியெல்லாம் அதை மாறி மாறிக் கைகளுக்குள் வைத்திருப்பார். தோட்டத்தில் படுத்ததும் அதையே துவக்குக் குழலுக்கு அணையாக வைப்பார். கைச் சூட்டுக்கும் ஆயிற்று, குறி அசையாமல் இருக்கவும் ஆயிற்று என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊரிலும் ஒருவருக்கும் இது தோன்றியிருக்காது என்றார். தோன்றாததற்குக் காரணம் இருந்தது. தை மாத ஈரத்தில் உப்புக் கசிந்து, குழல் நீளத்துக்குத் துரு ஏறிவிட்டது. கோவாக்காரர் அதைத் தடவிப் பார்த்து, விரலை நாக்கில் வைத்தார். பிறகு எங்களைப் பார்த்தார். துவக்கை வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அக்கா பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. லூயிஷாம் சந்தையை ஒன்றும் வாங்காமல் சுற்றிச் சுற்றி நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். மீன் கடைக்கு முன்னால் ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒரு முயலுக்காக ஏன் அக்கா இப்பிடி அந்தரப்படுறியள்? இறைச்சிக் கடையிலை வாங்கலாம்தானே?”

அவர் சட்டென்று நின்றார். “அங்கை துவக்குச் சத்தம் கேட்டா நாங்கள் ஓடினம், வசந்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு முள்ளுப் பத்தைக்குள்ளாலை ஓடினம். இன்னும் எனக்குள்ளை அந்த ஓட்டம் நிக்கேல்லை. அந்தத் தோட்டத்திலை மட்டும், துவக்கு என்ரை கையிலை. ஓடுறது முயல். நான் ஓடேல்லை.”

அடுத்த சனிக்கிழமை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். சேவியர் அண்ணையின் சாம்பல்நிறக் காலுறை ஒன்றில் அரிசியை நிரப்பி வாயைத் தைத்திருந்தார் அக்கா. அதையும் வறுத்துச் சூடாக்கியிருந்தார். கோவாக்காரர் காலுறையை வாங்கி முகர்ந்து பார்த்து, “உப்பு இல்லையே?” என்று கேட்டார். பிறகு துரு நீக்கி எண்ணெய் பூசிய துவக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்படியே வருடங்கள் போயின. விசாவும் வந்தது. கை மட்டும் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் விசையை இழுக்கும்போது நோவில் அவர் விரல் வெட்டி இழுத்தது. குண்டு முயலின் பின்னங்காலில் பட்டது. அது இழுபட்டுக்கொண்டு வேலிக்குள் போனது. முள்ளுக்குள் தவழ்ந்து தேடிப் பிடித்து, அதன் வேதனையை முடித்துவிட்டு வெளியே வந்த அக்காவின் முகம் கறுத்திருந்தது. “காயப்படுத்திப்போட்டு விடுறதுக்கு நான் வரேல்லை” என்றார். துவக்கைத் தானே கொண்டுபோய்க் கோவாக்காரரிடம் கொடுத்தார். வீடு வரும்வரை கார்க் கதவின் பிடியைத் தட்டிக்கொண்டே வந்தார். அந்த விரலுக்கு வைத்தியம் இல்லாவிட்டால் அவருக்கு இனித் தோட்டமும் இல்லை என்று எனக்கு விளங்கியது.

சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார்கள். நான்தான் மொழிபெயர்க்கப் போனேன். சேவியர் அண்ணையும் வந்தார். டொக்டர் பொறுமையாக விளக்கினார்: சுட்டுவிரலின் மூட்டுத் தேய்ந்துவிட்டது, எலும்பை எலும்போடு ஒட்டிவிட்டால் நோ போய்விடும், ஆனால் அதற்குப் பிறகு அந்த இடம் மடங்காது, நிமிராது. ஆகவே எந்த வளைவில் ஒட்டுவது என்பதை இப்போதே தீர்மானிக்கவேண்டும். கிட்டத்தட்ட நேராக இருந்தால் வீட்டு வேலைக்கு வசதி, கையுறையும் போடலாம் என்றார்.

அக்கா என் குடையை வாங்கினார். அதன் காம்பைத் தோளில் முட்டவைத்து, சுட்டுவிரலை வளைத்துக் காட்டினார். “இப்பிடி. இதிலை ஒட்டச் சொல்லு.”

டொக்டர் ஏன் இவ்வளவு வளைவு என்று கேட்டார். சேவியர் அண்ணை என் சட்டைக் கையைப் பிடித்தார். “தையலுக்கெண்டு சொல்லும், வசந்தி. தையலுக்கெண்டு சொல்லும்.”

அக்கா குடையை இறக்கவில்லை. “பொய் சொல்லி விரலை ஒட்டுறதோ? ஆயுசு முழுக்க என்னோடை இருக்கப்போற விரல். உள்ளதைச் சொல்லு.”

உள்ளதைச் சொன்னேன். டொக்டர் ஒரு சின்ன அளவுகருவியை எடுத்து, குடையில் வளைந்திருந்த அந்த விரலின்மேல் வைத்து அளந்தார். “அவருடைய விரல், அவர் சொல்வதுதான்” என்றார். திரும்பும் வழியில் சேவியர் அண்ணை பஸ்ஸில் எங்களோடு இருக்காமல் மேல்தட்டுக்குப் போய்விட்டார். தையலில் வளைந்த விரல் என்று ஊருக்குச் சொன்னவர் அவர்தான். அக்காவும் மறுக்கவில்லை. டொக்டருக்கு உண்மை தெரிந்தால் போதும், மற்றவர்களுக்குக் கறி இருக்கிறதுதானே என்று சிரிப்பார்.

கட்டு அவிழ்த்து, கை தேறி, மறுபடி தோட்டத்துக்குப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரிசிக் காலுறையில் குழலைச் சாய்த்தார். வளைத்து ஒட்டிய விரல் விசைக்குள் அளவெடுத்ததுபோல் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு மட்டும் நான் மறுபக்கம் திரும்பவில்லை. முயல் துடிக்காமல் விழுந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். போன மாதம் வரைக்கும் அவர் அந்தத் தோட்டத்துக்குப் போனார்.

இனி அந்தக் கடைசி நாள். உரைகள் முடிந்து பெட்டியை மூடுவதற்கு முன் இரண்டு பெண்கள் செபமாலையைக் கையில் சரியாகச் சுற்ற முயன்றார்கள். அந்த விரல் இடக்குப் பண்ணியது. ஒருத்தி அதை மெதுவாக நிமிர்த்தப் பார்த்தாள். நான் வாங்கிலிருந்து எழும்பிவிட்டேன். ஆனால் எனக்கு முதலே சேவியர் அண்ணை பெட்டியடிக்குப் போய்விட்டார்.

“அதை நிமித்தாதேங்கோ” என்றார். பிறகு, இத்தனை வருடமும் யன்னலைச் சாத்திவிட்டுப் பேசிய அந்த மனிதர், கோயில் முழுவதும் கேட்கச் சொன்னார்: “அது ஊசி பிடிச்ச விரல் இல்லை. துவக்குப் பிடிச்ச விரல்.”

உங்களில் பலர், துக்கத்தில் அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தீர்கள். தடுமாறவில்லை. வெளியே வந்ததும் அவர் என்னிடம், “எல்லாத்தையும் எழுதும்” என்றார். அந்தக் காலுறையையும் தந்தார். அதுதான் இப்போது என்னிடம் இருக்கிறது.

நேற்றுச் சனிக்கிழமை. ஆறரைக்கு எழும்பிவிட்டேன். தொலைபேசி அடிக்கவில்லை. வீட்டுக்குள் நடந்து நடந்து பார்த்தேன், ஏலவில்லை. அரிசியைச் சூடாக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு கென்றுக்குப் போனேன். கோவாக்காரரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாத்தியில் முயல்கள் பயமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. கார்க் கதவைப் படீரென்று அடித்துச் சாத்தினேன். வெடிபோலச் சத்தம் கேட்டது. முயல்கள் எல்லாம் வேலிக்குள் ஓடி மறைந்தன. நான் ஓடவில்லை. காலுறையை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, மிச்சமிருந்த சூடு ஆறும்வரைக்கும் அங்கேயே நின்றேன்.