என் அணுக்கள் வெளியே போயிருந்த நாட்கள்

முத்தியால்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தபோது விழிகள் வலித்தன. இடமிருந்து வலமாக உருட்டினாலே வலி. அரை மணி நேரத்தில் முதுகும் தொடைகளும் சேர்ந்துகொண்டன. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் குளிர் தூக்கிப் போட்டது. அப்போது எனக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய முதல் பிள்ளை.

வயிற்றில் பிள்ளையோடு இன்ஃப்ளூயன்சா (வைரஸால் வரும் கடும் சளிக்காய்ச்சல்) வந்து படுத்திருக்கும் பெண்களுக்காகவும், அவர்கள் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் பயப்படுங்கள், முதல் நாளே டாக்டரிடம் போங்கள். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

ஒன்பது வருடமாக ஊராரின் வெள்ளை அணுக்களை எண்ணுவதுதான் என் பிழைப்பு. இப்போது எந்திரம் எண்ணுகிறது. அதற்குச் சந்தேகம் வந்தால், கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தடவிச் சாயமேற்றி நான் பார்ப்பேன். நூறு அணுக்களை எண்ணி, எந்த வகை எத்தனை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கிருமி புகுந்தால் எண்ணிக்கை ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. இது எங்கள் தொழிலில் ஊறிப்போன எண்ணம். பாதி நேரம்தான் அது சரி.

மறுநாள் காய்ச்சலோடு வேலைக்குப் போனேன். கூட வேலை செய்யும் ஸ்டெல்லாவிடம் கையை நீட்டி ரத்தம் எடுக்கச் சொன்னேன். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஐயாயிரத்துச் சொச்சம் என்று எந்திரம் காட்டியது.

"பாத்தியா, கவுண்ட் நார்மல். ஒண்ணுமில்ல" என்றேன்.

"லிம்போசைட் ரொம்பக் கொறஞ்சிருக்கேக்கா" என்றாள் அவள். லிம்போசைட் என்பது கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளை அணு.

"அத விடு. வெயில்ல வந்த ஒடம்பு வலி இது."

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் முருகையன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர். டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தாளை அவர் முகத்துக்கு நேராக ஆட்டினேன். "நீ லேப்ல இருக்கற, ஒனக்குத் தெரியும்" என்று அவர் விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் நோய் விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

நான்காம் நாள் காலை, குளியலறையிலிருந்து கட்டிலுக்கு நடந்ததற்கே மூச்சு இரைத்தது. கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், பிள்ளை உதைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். சர்க்கரை போட்டுப் பால் குடித்துப் பார்த்தேன். அசைவே இல்லை.

"ஆட்டோ கூப்புடுங்க" என்றேன். அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிய கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றொன்று சதவீதம் என்றது. கர்ப்பிணிக்கு அது தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கக் கூடாது. நர்ஸ் முதலில் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கீழே. பிறகு கேட்டது. வேகமாக, விடாமல், குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம். வாய்விட்டு அழுதேன்.

டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தார். நான் அந்த நிலையிலும் என் தாளை நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

"மாசமா இருக்கற பொண்ணுக்குக் கவுண்ட் எப்பவுமே கூடத்தான் இருக்கும். ஒங்களுக்கு எறங்கியிருக்கு. இத நார்மல்னு யாரு சொன்னா?"

"நான்தான் மேடம். லேப்ல வேல பாக்கறேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"லிம்போசைட் ரத்தத்துல கொறஞ்சுபோச்சுன்னா, கொஞ்சம் செத்திருக்கும். மீதி நுரையீரலுக்குப் போயிருக்கும். ஸ்டேஷன்ல போலீஸ் இல்லன்னா ஊர்ல கலாட்டான்னு அர்த்தம். அமைதின்னு அர்த்தம் இல்ல."

ஒன்பது வருடம் நான் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஆள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓசெல்டாமிவிர் (ஓர் அணுவில் பெருகிய வைரஸ் வெளியேறி அடுத்த அணுவுக்குத் தாவாமல் தடுக்கும் மாத்திரை) உடனே கொடுத்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாட்டி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். சாயங்காலம் பிள்ளை ஒரு தடவை உதைத்தது. சோம்பலான உதைதான். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு எனக்கு வந்தது ஒரு விசித்திரமான உற்சாகம். டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போதெல்லாம் கேள்வி கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். வைரஸ் புகுந்த முதல் சில மணி நேரத்திலேயே, தாக்கப்பட்ட அணு அக்கம்பக்கத்துக்கு இன்டர்ஃபெரான் (எச்சரிக்கைச் செய்தியாகப் பரவும் புரதம்) அனுப்பிவிடும். விழுங்கணுக்கள் ஓடி வரும். வைரஸ் புகுந்த அணுக்களைக் கொல்லும் அணுக்களும் வரும். என்னைத் தூக்கிப் போட்ட காய்ச்சலையும் எலும்பு வலியையும் பெரும்பாலும் உண்டாக்கியது என் தரப்பு ஆட்களான இந்த அணுக்களேதான். நான்கைந்து நாளில் இந்த வைரஸுக்கென்றே பெருகிய டி அணுக்கள் (வைரஸ் புகுந்த அணுக்களைத் தேடி அழிக்கும் லிம்போசைட்டுகள்) நுரையீரலில் இறங்கும். பி அணுக்கள் என்ற இன்னொரு வகை லிம்போசைட்டுகள், வைரஸைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப் புரதம் செய்யத் தொடங்கும்.

ஆறாம் நாள் என் கணவர் கஞ்சி கொண்டுவந்தபோது சொன்னேன்.

"இந்நேரம் டி அணு எறங்கியிருக்கும்."

"யாரு?"

"என் ஆளுங்க. நுரையீரல்ல நிக்கறாங்க."

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் குறைந்திருந்தது. அதுதான் அவரை இன்னும் கலவரப்படுத்தியது என்று பிறகு சொன்னார்.

டாக்டர் என் சந்தோஷத்துக்கு ஒரு கடிவாளமும் போட்டார். சண்டை எல்லை மீறினால் நுரையீரலே கெட்டுவிடும். கர்ப்பிணிகளுக்கு அது இன்னும் ஆபத்து.

"ஒங்க ஒடம்பு ஏழு மாசமா ஒரு வேத்தாள உள்ள வெச்சிருக்கு. பாதி ஒங்க வீட்டுக்காரரோடது, ஒங்க அணுவுக்கு அது அந்நியம். அத அடிக்காம, அது பக்கத்துலயே வைரஸ அடிக்கணும். லேசான வேலையா?"

அவர் போன பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு கிடந்தேன். என் உடம்பின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன் வந்ததில்லை. பருமன், கறுப்பு, கால் வீக்கம் என்று அதைக் குறை சொல்லியே வளர்ந்தவள் நான்.

எட்டாம் நாள் ஆக்சிஜன் இல்லாமலே தாக்குப்பிடித்தேன். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். உடம்பு தேற இரண்டு மாதம் ஆனது. மாடிப்படி எட்டு ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். சோர்வு உங்கள் சோம்பேறித்தனம் அல்ல.

வீட்டுக்கு வந்த வாரமே ஸ்டெல்லாவை வரவழைத்து ரத்தம் கொடுத்தேன். மறுநாள் ஆட்டோவில் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்க் கண்ணாடிச் சில்லை நானே நுண்ணோக்கியில் வைத்தேன். அங்கே இருந்தன. பெரிய லிம்போசைட்டுகள், நீலம் அடர்ந்து, ஓரம் விரிந்து, சிவப்பணுக்களை ஒட்டிக்கொண்டு. வேலை பார்த்த அணுக்களின் தோற்றம் அது. எத்தனையோ பேர் ரத்தத்தில் பார்த்து எண்ணிவிட்டு மறந்திருக்கிறேன். அன்று மூன்று தடவை எண்ணிக்கை தப்பியது.

"என்னாக்கா, அழுவுறியா?" என்றாள் ஸ்டெல்லா.

"திரும்பி வந்துட்டாங்கடி" என்றேன்.

மாதம் நிறைந்து பெண் பிறந்தாள். நான் செய்த எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாக அவளுக்கும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கேட்டுக் குதிக்காத குறை. ஆனால் அவை சில மாதம்தான் தாங்கும், மெல்லக் கரைந்துவிடும் என்றும் சொன்னார். அதன் பிறகு என் காலக்கணக்கே மாறிவிட்டது. எல்லோரும் பிள்ளைக்கு மூன்று மாதம், நான்கு மாதம் என்று ஏறுவரிசையில் சொன்னார்கள். நான் மட்டும், கொடுத்தது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று மனசுக்குள் இறங்குவரிசையில் எண்ணிக்கொண்டிருந்தேன். என்னிடம் நினைவு அணுக்கள் (ஒருமுறை பார்த்த கிருமியை மறக்காத லிம்போசைட்டுகள்) பல வருடம் இருக்கும். அவளிடம் இருந்ததோ நான் கொடுத்தனுப்பியது மட்டும்தான்.

போன வாரம் ஆறு மாதம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் போட முடியும் என்ற இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியைப் போட்டோம். கர்ப்பத்தில் எனக்கே போட்டிருக்கலாம், சொல்லியும் நான் போடாமல் விட்டேன். நீங்கள் விடாதீர்கள். ஊசி தொடையில் இறங்கியதும் வீறிட்டு அழுதாள், ஐந்து நிமிடத்தில் மறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிய என் கணவர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

"ஒடம்பு சுடுது பாரு. போவலாமா?"

இந்தத் தடவை மறுபேச்சு இல்லாமல் டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். லேசான சூடுதான், ஊசிக்கு வருவது, கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, ஊசி போட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னா நீ சிரிக்கற?" என்றார் அவர்.

அதில் நான் கொடுத்தது எதுவுமே இல்லை. அந்தச் சூட்டை அவளே உண்டாக்கியிருந்தாள்.